எங்கள் பெயரைச் சொல்லி அந்தப் பெஞ்சுகளை அறுக்காதீர்கள்

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் நாம் கூடும் ஆலயத்தின் தமிழ் ஐக்கியச் செயற்குழுவினருக்கு,

போன மாதம் இரண்டாம் ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, சாவியை மாட்ட வெஸ்ட்ரிக்குள் போனேன். மேசைமேல், இந்த ஆலயத்தை நிர்வகிக்கும் ஆலயக் குழுவின் கோப்பு திறந்து கிடந்தது. முதல் தாளே நம் ஐக்கியத்தின் கடிதம். “நடுக்கூடத்தில் உள்ள பழைய பெஞ்சுகளை எடுத்துவிட்டு அடுக்கி வைக்கும் நாற்காலிகள் போடுவதையும், பீடப் பகுதிக்கு முன்னால் உள்ள மரத்திரையின் அடிப்பகுதியைப் பின்சுவருக்கு மாற்றுவதையும் தமிழ்ச் சபையார் ஒருமனதாக ஆதரிக்கிறோம். இவை எங்கள் வழிபாட்டுக்கு எந்த வகையிலும் முக்கியமானவை அல்ல.” கீழே உங்களில் மூன்று பேருடைய கையெழுத்து.

ஒருமனதாக என்று எப்படி எழுதினீர்கள்? என்னைக் கேட்கவில்லை. என் மனைவியைக் கேட்கவில்லை. பதினேழு வருடமாக நான்காவது பெஞ்சின் ஓரத்தில் உட்காரும் பெரியம்மாவைக் கேட்கவில்லை. கூட்டம் போட்டதாக ஒரு அறிவிப்பும் வரவில்லை. இந்தக் கேள்வியை ஆளுக்காள் தனியாகக் கேட்டுப் பார்த்தேன், ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்பவன். ஆனால் பிறந்தது ஆசாரி வீட்டில். மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் அப்பா கதவு, நிலை, கட்டில் செய்தார். சனிக்கிழமைகளில் நான் இந்த ஆலயத்தைத் திறந்து கூட்ட ஆரம்பித்துப் பதினொரு வருடம் ஆகிறது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பார்க்கும் அந்த மரத்தை நான் மென்மையான தூரிகையோடு முட்டி போட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகும் உங்கள் கையெழுத்து நிற்க வேண்டுமா என்று நீங்களே பாருங்கள்.

நடுக்கூடத்தில் இருபத்திரண்டு பெஞ்சுகள். இவை தரையில் வைத்த பெஞ்சுகளே கிடையாது. தரையோடு நீளவாக்கில் ஒரு கனமான ஓக் சட்டம் படுத்திருக்கிறது. ஒவ்வொரு பெஞ்சின் பக்கப் பலகையும் அடியில் கழுந்து சீவி அந்தச் சட்டத்தின் துளைக்குள் இறக்கப்பட்டிருக்கிறது. ஆணி கிடையாது, திருகாணி கிடையாது, பசையும் கிடையாது. பக்கவாட்டில் மர ஆப்பு மட்டும். ஒரு நாள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது ஒரு ஆப்பு லேசாக வளைந்திருந்தது தெரிந்தது. எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. கழுந்தில் போடும் துளையைச் சட்டத்துத் துளைக்கு நேராகப் போடாமல் ஒரு நூல் தள்ளிப் போடுவார். ஆப்பை அடிக்க அடிக்க அது வளைந்து கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கும். “இது பிடிச்ச பிடி விடாதுலே” என்பார். அதே வேலையை ஐந்நூறு வருடத்துக்கும் முன்பே இந்த நார்ஃபோக் கிராமத்தில் யாரோ ஒருவருடைய கை செய்துவைத்திருக்கிறது.

ஆகவே “பெஞ்சுகளை எடுத்துவிட்டு” என்று நீங்கள் எழுதிய வார்த்தைக்கு வேலையில் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளுங்கள். இவற்றை எடுக்க முடியாது. ரம்பம் போட்டு அறுக்கத்தான் முடியும். அறுத்தால் கழுந்து போய்விடும். கழுந்து போனால் அது வெறும் சித்திரப் பலகை. ஏலக்கடையில் விலை கிடைக்கும், பெஞ்சாக மறுபடி நிற்காது.

பக்கப் பலகைகளின் உச்சியில் இலைக்கொத்து செதுக்கியிருக்கிறதே, இங்கத்து ஆட்கள் பாப்பி ஹெட் என்பார்கள். ஒன்றுபோல ஒன்று இல்லை. அதற்குக் கீழே கைவைக்கும் இடத்தில் சின்னச் சின்ன உருவங்கள். தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் கொடுக்கும் பெலிக்கான் பறவை ஒன்று, கிறிஸ்துவின் பலிக்கு அடையாளமாக. ஜெபமாலை பிடித்த ஒரு பெண், முகம் வெட்டப்பட்டு. மூன்றாவது வரிசையில் ஒரு நாய். அதன் தலை இப்போது ஒரு வழவழப்பான உருண்டை, காது இருந்த இடம்கூடத் தெரியாது. அதை யாரும் உடைக்கவில்லை. எழுந்து நிற்கும்போது கைவைத்துக் கைவைத்து இருபது தலைமுறை தேய்த்திருக்கிறது. நம் பிள்ளைகள் சறுக்கி விளையாடிவிட்டுப் பிடித்து நிற்பதும் அந்த நாயைத்தான். என் மகள் திடப்படுத்தல் பெற்ற அன்று நடுங்கிக்கொண்டு முன்னால் போகும்போது அதைத் தடவிவிட்டுப் போனதை நான் பார்த்தேன். எங்கள் வழிபாட்டுக்கு முக்கியமானவை அல்ல என்று எழுதியவர்கள் அன்றைக்கு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

கட்டடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நார்ஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடையாது. நிலத்தைத் தோண்டினால் வருவது சக்கிமுக்கிக் கல்தான், முண்டும் முடிச்சுமாக. அதைச் சுண்ணாம்புக் காரையில் வைத்துச் சுவரை எழுப்பி, மூலைக்கும் சன்னலுக்கும் தூணுக்கும் மட்டும் வெட்டுக்கல்லைப் பார்னாக் போன்ற இடங்களிலிருந்து ஆற்று வழியாகப் படகில் கொண்டுவந்தார்கள். இந்த ஒரு மாவட்டத்திலேயே 650-க்கும் மேற்பட்ட இடைக்கால ஆலயங்கள் நிற்கின்றன. ஆட்டுரோமமும் கம்பளித் துணியும் கொண்டுவந்த பணம் அது. நம் ஊர்க் கடைகளிலும் வர்ஸ்டட் என்று விற்கும் கோட்டுத் துணிக்குப் பெயர் கொடுத்த வர்ஸ்டெட் கிராமம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் சுவர் எத்தனை இருந்தாலும், உள்ளே இருந்த மரச்சாமான் எல்லா இடத்திலும் மிஞ்சவில்லை. பெரும்பாலான ஆலயங்களில் இருப்பவை 19-ஆம் நூற்றாண்டில் போட்ட பெஞ்சுகள். நடுக்கூடம் முழுக்கப் பழைய பெஞ்சுகள் அதே சட்டத்தில் அப்படியே நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் கிரேட் வால்சிங்ஹாமின் தூய பேதுரு ஆலயம் போல ஒருசில இடங்களுக்குத்தான் போக வேண்டும். நம்முடையது அந்த ஒருசிலவற்றில் சேர்ந்தது.

“எல்லாம் விக்டோரியா காலத்துச் சாமான்தானே, எல்லா இடத்திலும் எடுக்கிறார்களே” என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். வடக்குப் பக்கத்து நடைக்கூடத்தில் இருப்பவை அப்படித்தான். பைன் மரம், இயந்திரத்தில் இழைத்தது, இரும்புத் திருகாணி, பழுப்பு வார்னிஷ். அவற்றை எடுத்தால் எனக்கு வருத்தம் இல்லை, நானே வந்து பிடிக்கிறேன். நடுக்கூடத்துப் பெஞ்சில் விரலை ஓட்டிப் பாருங்கள். பின்பக்கம் கைக்கோடரியால் செதுக்கிய குழிகள் வரிசையாகத் தட்டுப்படும். இரண்டும் ஒன்று என்று சொல்பவர் தொட்டுப் பார்க்கவில்லை.

இப்போது நான் சொல்ல விரும்பாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். போன கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு இடம் போதவில்லை என்று முன்வரிசைப் பெஞ்சை நகர்த்தினோம். அது ஒன்றுதான் முன்பே யாரோ சட்டத்திலிருந்து அறுத்துத் தனியாக்கி வைத்திருந்தது. ஆறு பேர் தூக்கினோம், நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். கல்தரையில் ஒரு முனை தட்டி, பக்கப் பலகை ரேகையோடு ஒரு சாண் நீளத்துக்கு வெடித்தது. சேகு ஏறின ஓக் வெடிக்கும் சத்தம் எனக்குத் தெரியும், இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கே திரையின் மேல்சட்டத்தில் ஸ்பீக்கரைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தார்கள். நட்சத்திரங்களை ஒட்டிய டேப்பை உரித்தபோது, புனிதர் ஒருவரின் சிவப்பு அங்கியிலிருந்து நகக்கண் அளவு வண்ணம் டேப்போடு வந்துவிட்டது. அந்தத் துணுக்கை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். ஆலயக் குழுவுக்கு நடந்ததைச் சொல்வோம் என்று அன்றே சொன்னேன். “நம்மவர்களுக்குக் கெட்ட பேர் வரும், விடுங்கள்” என்றீர்கள். நானும் விட்டேன். அது என் தவறு. ஆனால் உங்கள் கடிதத்தில், “பெஞ்சுகள் வெடித்துப் பழுதடைந்த நிலையில் உள்ளன” என்று காரணம் காட்டியிருக்கிறீர்களே, அதை எப்படி எழுத மனம் வந்தது? நாம் வெடிக்க வைத்த பெஞ்சு அது.

அந்தத் திரையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மேலே சிலுவையும் இருபுறமும் மரியாளும் யோவானும் நின்ற காலம் உண்டு. ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1547-48 வாக்கில், நாடு முழுக்க அவற்றை இறக்கச் சொன்னார்கள். அடிப்பகுதியின் பலகைகள் மட்டும் தங்கின. அவற்றிலும் பன்னிரண்டு அப்போஸ்தலரின் முகத்தை ஏதோ கூரான ஒன்றால் சுரண்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கியின் மடிப்பு, பேதுருவின் கையில் திறவுகோல், அந்திரேயாவின் பெருக்கல் குறிச் சிலுவை, காலடியில் புல்லும் சின்னப் பூக்களும் இருக்கின்றன. வண்ணத்துக்கு ஆளிவிதை எண்ணெய். பலகைக்கு ஓக், அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பலகைகள் பால்டிக் கடற்கரையிலிருந்து கப்பலில் வந்தன. அங்கே குளிரில் மெதுவாக வளர்ந்த மரத்தில் ரேகை நெருக்கமாக இருக்கும், பலகை முறுக்கிக்கொள்ளாது. ஒரு பெயிண்டருக்கும் ஒரு தச்சனுக்கும் அந்த அக்கறை இருந்திருக்கிறது.

இதற்கெல்லாம் யார் பணம் கொடுத்தது? ராஜா கொடுக்கவில்லை. 15-ஆம் நூற்றாண்டு உயில்கள் நார்விச் ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஊர்க்காரர்கள் சாகும்போது திரைக்கு வண்ணம் தீட்ட, கோபுரம் கட்ட, மெழுகுவர்த்தி ஏற்ற என்று தங்களால் ஆனதை எழுதி வைத்தார்கள். நம்மூர் அறுப்பின் பண்டிகையில் முதல் மகசூலைக் கொண்டுவந்து வைப்பவர்களுக்கு இது புரியாத விஷயமா?

“நமக்குப் பெஞ்சுப் பழக்கமே கிடையாது, ஊரில் தரையில் பாய் விரித்துத்தானே உட்கார்ந்தோம்” என்றும் ஒருவர் சொன்னார். உண்மைதான், நானும் பாயில் உட்கார்ந்து வளர்ந்தவன். இந்த ஊர்க்காரர்களும் பல நூறு வருடம் பெஞ்சு இல்லாமல் நின்றும் மண்டியிட்டும்தான் ஆராதித்தார்கள். பெஞ்சு என்பது அவர்களுக்கும் பின்னால் வந்த சௌகரியம். ஆனால் பாயில் வளர்ந்தேன் என்பது இன்னொருவர் பெஞ்சை அறுக்க ஒரு காரணமா? என் ஊர்ப்பக்கம் மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் கட்டிய ஆலயம் நிற்கிறது, 192 அடி கோபுரத்தோடு. அந்தக் கூர்முனை வளைவை நான் சின்ன வயதில் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். இங்கே வந்த முதல் வருடம், யாரையும் தெரியாத நவம்பர் மாதம், இரவு வேலை முடிந்து இந்த ஆலயத்துக்குள் நுழைந்தபோது அதே வளைவு தலைக்குமேல் இருந்தது. அந்தக் கோபுரத்துக்கும் வளைவுக்கும் மாதிரி இங்கிலாந்தின் இப்படிப்பட்ட ஆலயங்கள்தான். ஆகவே நமக்குச் சம்பந்தமில்லாத கட்டடம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பழைய மரம் என்று தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பகுதியே சொல்லும். பக்கத்து மாவட்டமான சஃபோக்கில் வென்ஹாஸ்டன் என்ற கிராமம். 1892-ல் ஆலயத்தைச் சீரமைக்கும்போது, வெள்ளையடித்த பழைய பலகைகளைக் கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவு மழை பெய்தது. வெள்ளை கரைந்து, அடியில் இருந்து நியாயத்தீர்ப்பு நாளின் ஓவியம் எழுந்து வந்தது. காலையில் பார்த்தவர்கள் அதை எடுத்துக் காப்பாற்றினார்கள். நார்விச் பேராலயத்தின் டெஸ்பென்சர் பீட ஓவியம் பலகை கவிழ்ந்து மேசையாகக் கிடந்து 1847-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. சஃபோக்கின் தார்ன்ஹாம் பார்வா கிராமத்துப் பீட ஓவியம் 1927-ல் ஒரு குதிரை லாயத்தின் பரணில் கிடைத்தது. இவை தப்பியவை. தப்பாமல் அடுப்புக்குப் போனவற்றைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

வருடா வருடம் ஆயிரக்கணக்கான தமிழ்க் கத்தோலிக்கர்கள் திருயாத்திரை வரும் வால்சிங்ஹாம் நமக்கு எவ்வளவு தூரம்? அவர்கள் மண்டியிடும் ஸ்லிப்பர் சிற்றாலயம் 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதுவும் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவமாகக் கிடந்ததுதான். 1890-களில் சார்லட் பாய்ட் என்ற அம்மையார் விலைக்கு வாங்கிச் சீர்படுத்தியதால் இன்றைக்கு அங்கே தமிழில் பாடல் கேட்கிறது. பக்கத்தில் பின்ஹாம் மடாலய ஆலயம். நம் ஐக்கியச் சுற்றுலாவில் அங்கே இறங்கினோமே, நினைவிருக்கிறதா? புனிதர்களை வெள்ளையடித்து மறைத்து, அதன்மேல் ஆங்கில வேதாகம வசனங்களைக் கறுப்பு எழுத்தில் எழுதியிருந்தார்கள். இப்போது வெள்ளை உதிர்ந்து, வசனத்துக்கு நடுவே ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது. நம் இளைஞர்கள் அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீங்கள்தான் கூப்பிட்டீர்கள்.

இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நம் குடும்பங்கள் கூடிவிட்டன. சக்கர நாற்காலியில் வரும் இருவருக்கு நிற்க இடமில்லாமல் நடைபாதையில் நிறுத்துகிறோம், அது எனக்கும் வேதனை. சாப்பாடு பரிமாற இடமில்லை. பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி வைக்க இடமில்லை. ஆனால் வடக்கு நடைக்கூடத்தின் பைன் பெஞ்சுகளை எடுத்தாலே எத்தனை அடி கிடைக்கும் என்று யாராவது அளந்தீர்களா? நான் டேப் வைத்து அளந்தேன். நாற்பத்திரண்டு அடி நீளம், பதினோரு அடி அகலம். சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் தொட்டி, மடக்கு மேசைகள், சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை எல்லாம் அங்கேயே அமையும். கோபுரத்துக்கு அடியில் இருக்கும் இடமும் பழைய கயிறும் உடைந்த பூச்சாடிகளும் போட்டுப் பூட்டிக் கிடக்கிறது. இதை ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன், பதில் வரவில்லை.

சட்டத்தையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இங்கிலாந்து திருச்சபையின் ஆலயத்தில் இப்படி ஒரு மாற்றம் செய்யத் திருமண்டல நீதிபதியின் அனுமதி வேண்டும். ஃபாக்கல்ட்டி என்பது அதுதான். 2012-ல் டஃபீல்டு ஆலயத் திரை வழக்கில், திருச்சபையின் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஆர்ச்சஸ் நீதிமன்றம் சில கேள்விகளை வகுத்தது. மாற்றத்தால் கட்டடத்தின் சிறப்புக்குக் கேடு வருமா, எவ்வளவு கேடு, அதற்கு ஈடாகச் சபைக்கும் பொதுமக்களுக்கும் கிடைக்கும் நன்மை என்ன, அந்தக் கேட்டைவிட நன்மை கூடுதலா? டஃபீல்டில் திரையை அகற்ற அனுமதி கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், அது விக்டோரியா காலத்துத் திரை. நம் ஆலயத்தில் கேடு பெரிது என்பது ஆலயக் குழுவுக்கே தெரியும். அதனால்தான் தராசின் மறுதட்டில் வைக்க அவர்களுக்கு நம் கடிதம் தேவைப்பட்டது. “தமிழ்ச் சபையாரின் தேவை” என்று விண்ணப்பத்தில் நான்கு இடத்தில் வருகிறது. நாளைக்கு ரம்பத்தூள் பறக்கும்போது, இதைக் கேட்டது தமிழர்கள் என்று எழுத்தில் இருக்கும். இந்தக் கிராமத்தில் தாத்தா பாட்டி கல்லறைகளோடு இருப்பவர்கள், நமக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள், அதைப் படிப்பார்கள். இதை என்னால் ஏற்க முடியாது.

நான் கேட்பவை இவை.

அந்த ஆதரவுக் கடிதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். விண்ணப்ப அறிவிப்பு ஆலயக் கதவில் ஒட்டப்பட்ட நாளிலிருந்து ஆட்சேபம் சொல்ல 28 நாள்தான், அதில் ஒன்பது நாள் போய்விட்டது. ஒருமனதாக என்பது உண்மையல்ல என்று அதிலேயே எழுதுங்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக் கூட்டம் கூட்டுங்கள். விண்ணப்பத்தின் தமிழ்ச் சுருக்கத்தை அதற்கு முன்பே எல்லாக் குடும்பங்களுக்கும் கொடுங்கள். ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்ட நான் தயார்.

முன்வரிசைப் பெஞ்சு எப்படி வெடித்தது, திரையின் வண்ணம் எப்படி உதிர்ந்தது என்பதை ஆலயக் குழுவிடம் நாமே போய்ச் சொல்ல வேண்டும். தனியாகப் போகச் சொன்னாலும் நான் போவேன், ஆனால் உங்களோடு போக விரும்புகிறேன். பழுது பார்க்கப் பழமை மரவேலை தெரிந்தவரை அவர்கள் அழைத்தால், செலவில் நம் பங்கைக் காணிக்கையிலிருந்து கொடுங்கள்.

வடக்கு நடைக்கூடத்தையும் கோபுர அடியையும் பயன்படுத்தும் மாற்றுத் திட்டத்தை ஐக்கியத்தின் பெயரில் ஆலயக் குழுவுக்கும் திருமண்டல ஆலோசனைக் குழுவுக்கும் அனுப்புங்கள். வரைபடம் என்னிடம் தயாராக இருக்கிறது.

திரையிலும் பெஞ்சுகளிலும் ஞானஸ்நானத் தொட்டியிலும் டேப், பின், மெழுகுவர்த்தி, ஸ்பீக்கர் எதையும் இனி வைக்கக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கடிதம் திரும்பப் பெறப்படாவிட்டால், திங்கள் காலை என் பெயரிலும் என்னோடு கையெழுத்திட முன்வந்திருக்கும் பதினான்கு குடும்பங்களின் பெயரிலும் திருமண்டலப் பதிவாளருக்கு ஆட்சேப மனு போகும். அந்தக் கவரில் வைத்திருக்கும் சிவப்பு வண்ணத் துணுக்கை அதற்கு முன்பே ஆலயக் குழுவிடம் ஒப்படைத்துவிடுவேன்.

உங்களோடு மூன்றாவது வரிசையில் உட்காரும்,
சபையின் ஒரு உறுப்பினன்